பசாக்கிள் நீராலை

உழவர் விளைத்த கூலம் உண்ணத்தக்க மாவாவதற்கு இடையே ஒரு வேலை உண்டு. அதுவே அரைத்தல். முற்காலத்தில் எந்நாட்டிலும் இவ்வேலை பெரும்பாலும் பெண்டிர் கைகளையே சார்ந்திருந்தது. விடியற்கு முன் எழுந்து, திரிகையின் முன் அமர்ந்து, ஒரு கையால் முளையைப் பற்றிச் சுழற்றி, மறு கையால் கூலத்தைக் குழியில் இட்டு, ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவுக்கு வேண்டிய மாவைப் பெறுவதற்குள் தோள் ஓய்ந்துவிடும். ஒரு குடும்பத்திற்கே இத்துணைப் பாடு என்றால், பல்லாயிரவர் கூடி வாழும் நகரம் ஒன்றிற்கு நாள்தோறும் வேண்டிய மாவை யார் அரைத்துத் தருவது? இவ்வினாவிற்கு ஐரோப்பிய நகரங்கள் பல கண்ட விடை, தம் அருகே ஓடிய ஆறுதான்.

ஓடும் நீருக்கு விசை உண்டு என்பதை ஆற்றில் இடுப்பளவு இறங்கி நின்ற எவரும் அறிவர். அவ்விசையைச் சக்கரத்தின்மேல் செலுத்தி, அச்சக்கரத்தால் கல்லைச் சுழலச் செய்தால், மனிதரின் தோளுக்கு ஓய்வு கிடைக்கும். இவ்வுண்மை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் அறியப்பட்டிருந்தது. ஆயினும், பேராறு ஒன்றின்மேல் பெரிய அளவில் ஆலை அமைத்து, அதனை நூற்றாண்டு நூற்றாண்டாக நடத்திச் செல்லுதல் எளிதன்று. அவ்வாறு நடத்திக் காட்டிய இடங்களுள் ஒன்று, பிரான்சு நாட்டின் துலூசு நகரில் கரோன் ஆற்றங்கரையில் அமைந்த பசாக்கிள் ஆலை. 12-ஆம் நூற்றாண்டில் தோன்றிய அவ்வாலையை 14-ஆம் நூற்றாண்டிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒரே நிறுவனம் உடைமையாகக் கொண்டிருந்தது. கல்லும் மரமும் மட்டும் அதனைக் காத்தன அல்ல. அதனை உடையவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடும் காத்தது. இரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி அவ்வாலையின் வரலாறு விளங்காது.

கரோன் ஆறு பிரனீசு மலைத்தொடரில் பிறப்பது. வடக்கு நோக்கி இறங்கித் துலூசு நகரை அடைந்தபின், வடமேற்காகத் திரும்பி, போர்தோ நகரைக் கடந்து, அத்திலாந்திக் கடலில் கலக்கின்றது. மலைப்பனி உருகும் காலத்திலும், மலைமேல் பெருமழை பெய்யும் காலத்திலும் அதன் நீர்மட்டம் விரைந்து உயரும். கோடையில் அதே ஆறு மணல் தெரிய மெலிந்து கிடப்பதும் உண்டு. துலூசு நகரைச் சுற்றிக் கட்டடக் கல் அரிது. ஆற்றுப் படுகையிலோ செங்கல்லுக்கு ஏற்ற களிமண் மிகுதி. ஆகவே, கோயில்களும் மாளிகைகளும் பாலங்களும் செங்கல்லாலேயே எழுந்தன. மாலை வெயிலில் இளஞ்சிவப்பாய் ஒளிரும் அந்நகரைப் பிரெஞ்சு மக்கள் 'இளஞ்சிவப்பு நகரம்' என்றே அழைப்பர். நகரின் மேற்கெல்லையில் ஆறு பரந்து, ஆழம் குறைந்து, மக்கள் நடந்தே கடக்கத்தக்க ஒரு துறை இருந்தது. இலத்தீன் மொழியில் 'வாதாக்குலும்' என்றால் சிறுதுறை என்று பொருள். அச்சொல்லே மக்கள் வாயில் திரிந்து 'பசாக்கிள்' ஆயிற்று. ஆலையின் பெயர் அத்துறையின் பெயரே.

துலூசு மக்கள் தொடக்கத்தில் கரையில் ஆலை அமைத்தார் அல்லர். ஆற்றின் நடுவிலேயே அமைத்தனர். ஒரு படகின்மேல் திரிகைக் கற்களை ஏற்றி, பக்கத்தில் சக்கரத்தைப் பொருத்தி, படகை நீரோட்டத்தில் கயிற்றால் கட்டி நிறுத்துவர். இதற்குப் படகாலை என்று பெயர் கூறலாம். இம்முறைக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. கி.பி. 537-இல் உரோமை நகரைக் கோத்தியர் முற்றுகையிட்டு, நகருக்கு நீர் கொணர்ந்த கால்வாய்களை அறுத்தனர். அக்கால்வாய் நீரால் ஓடிய ஆலைகள் நின்றன. நகரைக் காத்த படைத்தலைவர் பெலிசாரியசு, தைபர் ஆற்றில் படகுகளை நிறுத்தி, அவற்றின் இடையே சக்கரங்களை அமைத்து மா அரைக்கச் செய்தார். பகைவர் மரங்களையும் பிணங்களையும் ஆற்றில் விட்டுச் சக்கரங்களை உடைக்க முயன்றனர். அவர் ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டி அவற்றைத் தடுத்தார்.

படகாலைக்கு ஒரு பெரு நன்மை உண்டு. ஆறு உயர்ந்தால் படகும் உயரும். ஆறு தாழ்ந்தால் படகும் தாழும். ஆகவே சக்கரம் என்றும் ஒரே அளவில் நீரில் தோய்ந்திருக்கும். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரோன் ஆற்றில் இத்தகைய படகாலைகள் ஏறத்தாழ 60 இருந்தன. ஆனால், வெள்ளம் வந்தபோது அவற்றின் கயிறு அறும். அறுந்த ஒரு படகு கீழே உள்ள மற்றொரு படகின்மேல் மோதும். இரண்டும் சேர்ந்து பாலத்தின் தூண்களில் போய் முட்டும். மற்ற நாட்களிலோ, சரக்கேற்றி வரும் படகுகளுக்கு அவை வழிமறித்து நிற்கும். ஒருவர் ஆலையால் ஊர் முழுதும் இடருறும் நிலை நீடிக்க இயலாது. எனவே, ஆற்றின் குறுக்கே அணைகள் கட்டி, கரையில் நிலையான ஆலைகளை எழுப்ப நகர மக்கள் முனைந்தனர். பசாக்கிள் துறையில் அணை கட்டும் உரிமையைத் தொராது மடத்தின் தலைவர் 1177-ஆம் ஆண்டில் அளித்தார். நகரப் பகுதியில் இவ்வாறு மூன்று அணைகள் எழுந்தன. ஆற்றின் மேற்புறத்தில் நார்போன் கோட்டை அணை. நடுவில் தொராது அணை. கீழ்ப்புறத்தில் பசாக்கிள் அணை. இம்மூன்றையும் சார்ந்து முறையே 16, 15, 12 என 43 ஆலைகள் அமைந்தன. படகாலைகள் மறைந்தன.

பசாக்கிள் அணையைக் கட்டிய முறை வியக்கத்தக்கது. ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் படுகையில் கருவாலி மரத்தின் பெருந்தண்டுகளை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ளனவாக, ஆயிரக்கணக்கில் நெருங்க அறைந்தனர். இவ்வாறு இணையாகச் சென்ற இரு மரச்சுவர்களுக்கு இடைப்பட்ட வெளியை மண்ணும் சரளையும் மரமும் பாறைகளும் இட்டு நிரப்பினர். அணையின் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். அஃது ஆற்றிற்கு நேர்க்குறுக்காக அமையாமல் சாய்வாக அமைந்தது. இச்சாய்வு காரணமின்றிச் செய்யப்பட்டதன்று. சாய்ந்த அணை, தன்மேல் வந்து முட்டும் நீரை ஆலைகள் நின்ற வலக்கரை நோக்கி இயல்பாகவே ஒதுக்கித் தரும். மேலும், நேரான அணையினும் சாய்ந்த அணை நீளம் மிக்கதாதலின், வெள்ளக் காலத்தில் மிகுநீர் அகலப் பரந்து, தாழ்ந்த படலமாக அதன்மேல் வழிந்தோடும். கணக்கியல் நூல்களைக் கல்லாத கைவினைஞர் ஆற்றைப் பார்த்துப் பார்த்தே கற்ற பாடம் இது.

அணையால் உயர்ந்து நின்ற நீர், கரையிலுள்ள ஆலைக் கட்டடத்தின் அடியில் மதகுகள் வழியாக நுழையும். நீராலைச் சக்கரங்களில் இரு வகை உண்டு. ஒன்று, வண்டிச் சக்கரம்போல நிமிர்ந்து நின்று சுழல்வது. அதன் அச்சு கிடையாக இருக்கும். திரிகைக்கல்லின் அச்சோ செங்குத்தாக இருக்கும். ஆதலின், ஒன்றன் சுழற்சியை மற்றொன்றிற்கு மாற்றப் பற்சக்கரங்கள் வேண்டும். மற்றொரு வகை, குயவன் சக்கரம்போலக் கிடையாகப் படுத்துச் சுழல்வது. துலூசு நகரத்தார் கையாண்டது இவ்விரண்டாம் வகை. சக்கரத்தின் நடுவிலிருந்து எழும் நிமிர்ந்த அச்சு, மேல்தளத்தை ஊடுருவிச் சென்று மேற்கல்லைத் தாங்கும். கீழ்க்கல் அசையாது கிடக்கும். சக்கரம் ஒரு முறை சுழன்றால் மேற்கல்லும் ஒரு முறை சுழலும். இடையே பற்சக்கரம் எதுவும் இல்லை. பழுதாகும் உறுப்புக்கள் குறைந்தால் பழுதுபார்க்கும் செலவும் குறையும் அன்றோ?

பிற்காலத்தில் இவ்வமைப்பு மேலும் திருந்திற்று. சக்கரத்தைத் திறந்த வெளியில் விடாமல், கிணறு போன்று வட்டமாகக் கட்டிய குழியொன்றின் அடியில் பொருத்தினர். அக்குழிக்குள் நீரை நேரே விழச் செய்யவில்லை. வரவரக் குறுகும் வாய்க்கால் ஒன்றின் வழியே, குழியின் சுவரைத் தொட்டுச் செல்லுமாறு பக்கவாட்டில் பாய்ச்சினர். குறுகிய வழியில் நீர் விரைவு பெறும். விரைவு பெற்ற நீர் குழியினுள் சுழியாய்ச் சுழன்று இறங்கும். இறங்கும்போது அகப்பைகளைப்போல் வளைத்துச் செதுக்கிய மரச்சிறகுகளைத் தள்ளிக்கொண்டு, அடியில் உள்ள திறப்பின் வழியே வெளியேறும். 1737-ஆம் ஆண்டில் நீர்க்கட்டுமானக் கலை பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிடத் தொடங்கிய பெலிதோர் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், பசாக்கிள் ஆலையின் இச்சுழிக்குழிகளைப் படங்களோடு விளக்கினார். இவற்றில் நீரின் ஆற்றலில் பெரும்பகுதி வீணாயிற்று என்பது உண்மையே. ஆனால், பிறிதொரு நலன் இவற்றுக்கு இருந்தது. ஆறு உயர்ந்து சக்கரம் நீருள் மூழ்கினாலும், ஓரளவு வரை அது சுழலும். நிலையின்றி ஏறியிறங்கும் கரோன் ஆற்றிற்கு இஃது ஏற்ற அமைப்பு.

மேல்தளத்தில் நிகழ்ந்தவை, நம் வீட்டுத் திரிகையில் நிகழ்வனவே, அளவுதான் பெரிது. கூம்புப் பெட்டியிலிருந்து கோதுமை சிறிது சிறிதாக மேற்கல்லின் கண்ணில் விழும். கற்களின் முகத்தில் வெட்டிய வரிகள் அதனைத் துணித்து, நொறுக்கி, விளிம்பு நோக்கித் தள்ளும். கற்கள் மிக நெருங்கினால் மாவு சூடேறிக் கெடும். மிக விலகினால் கோதுமை அரைபடாது வெளிவரும். இவ்விடைவெளியை அறிந்து வைப்பதே ஆலைக்காரரின் திறன். நாள் செல்லச் செல்லக் கல்லின் வரிகள் மழுங்கும். அப்போது ஆலையை நிறுத்தி, மேற்கல்லைத் தூக்கிப் புரட்டி, அம்மி கொத்துவோர்போல உளி கொண்டு மீண்டும் வரிகளைக் கொத்துவர். அரைத்துக் கொடுத்ததற்குக் கூலி பணமாகப் பெறப்படவில்லை. அரைக்க வந்த கூலத்தில் பதினாறில் ஒரு பங்கை ஆலை எடுத்துக்கொள்ளும். தமிழ்க் கணக்கில் இதனை மாகாணிப் பங்கு என்று கூறலாம்.

இவ்வாலைகள் யாருடையவை? இங்குத்தான் துலூசு வரலாறு பிற ஊர்களின் வரலாற்றிலிருந்து வேறுபடுகின்றது. அக்கால ஐரோப்பாவில் ஆலை என்றால் பெரும்பாலும் ஒரு பிரபுவுக்கோ மடத்திற்கோ உரியது. குடிகள் அங்கேதான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயமும் பலவிடத்து இருந்தது. துலூசு நகரிலோ நகரமக்களே கூடிப் பொருளிட்டு ஆலைகளை எழுப்பினர். ஒவ்வோர் ஆலையும் எட்டுப் பங்குகளாகப் பகுக்கப்பட்டது. ஒரு பங்கிற்கு அவர்கள் மொழியில் 'உசோ' என்று பெயர். எட்டில் ஒன்று என்பதே அதன் பொருள். தமிழில் அரைக்கால் என்பதற்கு நிகர். பங்குடையோர் 'பரியர்' எனப்பட்டனர். வீட்டையும் நிலத்தையும் விற்பதுபோல இப்பங்கை விற்கலாம், வாங்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். பங்கு உடையவர் ஆலையில் வேலை செய்ய வேண்டும் என்பதில்லை. வேலை செய்தவர்கள் கூலி பெற்ற ஆட்களே.

ஓராற்றின்மேல் மூன்று அணைகள் இருந்தமையால் பூசல் எழுந்தது. இப்பூசலை விளங்கிக்கொள்ள ஓர் உண்மையை அறிதல் வேண்டும். சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றல் நீரின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அது விழும் உயரத்தையும் பொறுத்தது. ஓர் ஆலையின் மேற்புறத்தே நீர்மட்டம் உயர உயர அதன் ஆற்றல் மிகும். ஆலைக்குக் கீழ்ப்புறத்தே, நீர் வெளியேறும் இடத்தில் மட்டம் உயர்ந்தாலோ, விழும் உயரம் குறைந்து, ஆற்றலும் குறையும். இப்போது மூன்று அணைகளின் வரிசையை நினைவுகூர்க. கடைசியில் நின்ற பசாக்கிள் ஆலையினர் தம் ஆற்றலை மிகுவிக்கக் கருதித் தம் அணையை உயர்த்தினர். அணைக்கு மேற்புறம் தேங்கிய நீர் பின்னோக்கி ஏறிற்று. எங்கு ஏறிற்று? தொராது ஆலைகளின் கால்களில் ஏறிற்று. அவ்வாலைகளின் சக்கரங்கள் தளர்ந்தன. பசாக்கிளில் மாவு மிகுந்த அளவிற்குத் தொராதில் குறைந்தது.

தொராது ஆலையினர் வழக்குத் தொடுத்தனர். அணையின் உயரத்தை அளந்தனர், நடுவர் அமர்ந்தனர், தீர்ப்பு உரைத்தனர், தீர்ப்பின்மேல் முறையீடு எழுந்தது. பாரிசு உயர்மன்றம்வரை சென்ற இவ்வழக்கு தலைமுறை தலைமுறையாக நீண்டது. தொடுத்தவர்கள் இறந்தபின் அவர்தம் பேரர்கள் அதனை நடத்தினர். நீதிமன்றத்தில் வாதம் நடந்த காலம் முழுதும் நீர் மேல்நோக்கித் தேங்கியே நின்றது. இறுதியில் தொராது ஆலைகள் அழிந்தொழிந்தன, பசாக்கிள் நிலைத்தது. பசாக்கிளின் பெருமையைப் பேசும்போது இதனை மறைத்தல் நேர்மையன்று. அவ்வாலையின் வளத்தில் ஒரு பகுதி அயலாரின் இழப்பால் வந்தது.

பசாக்கிள் ஆலையினருக்குள்ளும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பன்னிரண்டு ஆலைகளும் ஒரே அணையின் நீரை உண்டன; ஆனால் பன்னிரண்டிற்கும் பங்காளிகள் வேறு வேறு. வெள்ளம் ஓர் ஆலையை இடித்துச் சென்றால் அதன் பங்காளிகள் மட்டும் முழுதும் இழந்தனர். அடுத்த ஆலையினர் ஊதியம் ஈட்டினர். எந்த ஆலை எப்போது இடியும் என்பதை யார் அறிவார்? இன்று சிரித்தவர் நாளை அழ நேரும். ஆகவே, 1372-ஆம் ஆண்டில் பன்னிரண்டு ஆலைகளின் பங்காளிகளும் தத்தம் தனியுரிமையை விடுத்து, எல்லாவற்றையும் ஒரே உடைமையாக இணைத்தனர். பன்னிரண்டு ஆலைகளின் எட்டெட்டுப் பங்குகள் ஒரே நிறுவனத்தின் 96 பங்குகள் ஆயின. ஊதியமும் பொது; இழப்பும் பொது. மறு ஆண்டு நார்போன் கோட்டை ஆலையினரும் இவ்வாறே இணைந்தனர்.

இணைந்த நிறுவனத்திற்கு ஆண்டுதோறும் பங்காளிகளின் பேரவை கூடிற்று. பேரவை ஆட்சியாளரைத் தேர்ந்தெடுத்தது. வரவும் செலவும் எழுதப்பட்டன, எழுதியவை ஆராயப்பட்டன. ஆதாயம் தொடக்கத்தில் கூலமாகவே பகிரப்பட்டது. அணை பழுதுற்றால் ஒவ்வொரு பங்கிற்கும் இவ்வளவு என்று பொருள் கேட்கப்படும். கொடுக்க இயலாதவர் தம் பங்கைக் கைவிட்டு விலகலாம். அதற்குமேல் அவர் வீட்டையோ நிலத்தையோ எவரும் தொட இயலாது. இவையெல்லாம் இக்காலப் பங்கு நிறுவனங்களின் இலக்கணங்கள். இலண்டன் வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்றுவித்தது 1600-ஆம் ஆண்டில். பசாக்கிள் பங்காளிகள் அதற்கு 228 ஆண்டுகள் முற்பட்டவர்கள். அவர்கள் கடல் கடந்து நாடு பிடிக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். தங்கள் ஊருக்கு மாவு அரைக்க விரும்பியவர்கள்.

இவர்களுடைய ஏடுகள் பேணிக் காக்கப்பட்டமையாலேயே இச்செய்திகள் இன்று தெரியவருகின்றன. செர்மேன் சிக்கார் என்னும் சட்ட வரலாற்றறிஞர் அவற்றை ஆராய்ந்து, 1953-ஆம் ஆண்டில் துலூசு ஆலைகளைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். அண்மைக் காலத்தில் பொருளியலறிஞர் சிலர் 1372 முதல் 1946 வரையிலான பங்கு விலைகளையும் ஆதாயங்களையும் தொகுத்து நோக்கினர். அவர்கள் கண்டபடி, நீண்ட காலச் சராசரியில் பங்கின் விலைக்கு நூற்றுக்கு ஐந்து அளவில் ஆண்டு ஆதாயம் கிடைத்தது. சராசரி என்னும் சொல் பலவற்றை மறைப்பது. நல்ல ஆண்டுகளில் கூலம் வந்தது. வெள்ள ஆண்டுகளில் எதுவும் வரவில்லை. சில ஆண்டுகளில் பங்காளிகளே கையிலிருந்து கொடுக்க நேர்ந்தது.

அவ்வாறு நேர்ந்த காலங்களுள் கொடியது 1709. ஐரோப்பா முழுதும் ஆறுகள் உறைந்த கடுங்குளிர் காலம் அது. கரோன் ஆற்றின் பெருக்கு பசாக்கிள் அணையை உடைத்து வீழ்த்திற்று. ஐந்து நூற்றாண்டுகளாகப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துக் காத்த அணை அது. அணை இன்றேல் நீர் உயராது. நீர் உயராவிடின் சக்கரம் சுழலாது. ஆலைக் கட்டடம் இருந்தும் அரைப்பதற்கு இயலவில்லை. 96 பங்கு உடையோரும் பெரும்பொருள் இடவேண்டியதாயிற்று. ஏறத்தாழ பத்தாண்டுகள் ஊதியம் ஏதுமின்றிக் கழிந்தன. ஒரு தனி மனிதரின் உடைமையாக இருந்திருப்பின் பசாக்கிள் ஆலை அன்றோடு முடிந்திருக்கும் என்று கருதலாம். பங்குகள் கைமாறின, பேரவை கலையவில்லை, அணை மீண்டும் எழுந்தது.

மீண்டெழுந்த அணை படகோட்டிகளுக்குப் பழைய தொல்லையையும் மீட்டுத் தந்தது. அணையினூடே படகுகளுக்கென ஒரு வழி விடப்பட்டிருந்தாலும், சரிந்து பாயும் நீரில் படகைச் செலுத்துதல் உயிருக்கு இடர் தருவதாக இருந்தது. மத்தியதரைக் கடலையும் கரோன் ஆற்றையும் இணைக்கும் பெருங்கால்வாய் 1681-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டிருந்தது. ஆயினும், அது பசாக்கிளுக்குக் கீழே ஆற்றைச் சேர்ந்தமையால், மேற்புறப் படகுகள் அணையைத் தாண்டியே அதனை அடைய வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க, அணையைச் சுற்றிச் செல்லும் பிரியேன் கால்வாய் வெட்டப்பட்டு 1776-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆலைக்கும் படகிற்கும் இடையே இருந்த அறுநூறாண்டுப் பூசல் இவ்வாறு ஒருவகையாகத் தீர்ந்தது.

19-ஆம் நூற்றாண்டில் ஆலைச் சக்கரத்தின் காலம் முடிந்தது. ஆனால் அதன் கருத்து அழியவில்லை. நிமிர்ந்த அச்சு, சுழன்று பாயும் நீர், வளைந்த சிறகுகள் என்னும் மூன்றையும் கணக்கறிவோடு திருத்தியமைத்தால் வீணாகும் ஆற்றலைப் பெரிதும் மீட்கலாம் எனப் பிரெஞ்சுப் பொறியாளர்கள் கண்டனர். ஃபூர்னேரோன் என்பவர் 1827-ஆம் ஆண்டில் இத்தகைய பொறி ஒன்றைச் செயற்படுத்திக் காட்டினார். அவருடைய ஆசிரியர் பூர்தேன் இதற்கு முன்னரே இவ்வகைப் பொறிக்குச் சூட்டியிருந்த பெயர் 'டர்பைன்'. சுழல்வது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. இன்று உலகெங்கும் நீர்மின் நிலையங்களில் சுழல்வது அதன் வழித்தோன்றலே. பசாக்கிள் ஆலையின் சுழிக்குழிகளை இப்பொறியின் முன்னோர்களுள் ஒன்றாக அறிஞர்கள் எண்ணுவர்.

1875-ஆம் ஆண்டு சூன் திங்களில் கரோன் ஆறு மீண்டும் பொங்கிற்று. துலூசு நகரின் இடக்கரையில் இருந்த சேன்-சிப்பிரியேன் பகுதி நீரில் மூழ்கியது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆற்றின்மேல் இருந்த பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. 17-ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்பட்ட பழைய செங்கற் பாலம் மட்டும் அசையாது நின்றது. அதற்குப் 'புதுப்பாலம்' என்று பெயர்! இப்பேரழிவுக்குச் சில ஆண்டுகள் பின்னர், 1888-ஆம் ஆண்டளவில், பசாக்கிள் பங்காளிகள் ஒரு புதிய தொழிலில் இறங்கினர். மாவு அரைத்த அதே நீரால் மின்சாரம் ஆக்கி, நகரின் விளக்குகளுக்கு அனுப்பலாயினர். கூலம் கொணர்ந்த வண்டிகள் நின்ற வாயிலில் கம்பிகள் புறப்பட்டன. பங்குகள் பங்குச் சந்தையில் விற்கப்பட்டன. 1946-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு மின் நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியபோது, 1372-இல் இணைந்த அந்நிறுவனத்தின் வாழ்வு முடிவுற்றது. அதனை முடித்தது வெள்ளமன்று, சட்டம்.

கட்டடம் இன்றும் கரோன் ஆற்றின் வலக்கரையில் செங்கற் சுவர்களோடு நிற்கின்றது. அதில் மின்னாக்கம் நடைபெறுவதோடு, மக்கள் வந்து காண்பதற்குரிய காட்சிக் கூடமும் உண்டு. அணை இன்னும் ஆற்றின் குறுக்கே சாய்வாகவே கிடக்கின்றது. எட்டு நூற்றாண்டுகளாக ஓர் உயிரினத்திற்கு மட்டும் அந்த அணையால் நேர்ந்த தடையை எவரும் பெரிதாகக் கருதவில்லை. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக மலைநோக்கி ஆற்றில் ஏறிவரும் சால்மன் முதலிய மீன்களே அவை. 1989-ஆம் ஆண்டில் அவற்றிற்கெனப் படிப்படியாக உயரும் நீர்த்தொட்டிகளால் ஒரு வழி அமைக்கப்பட்டது. அவ்வழியின் ஓரத்தில் கண்ணாடிச் சாளரம் ஒன்று உள்ளது. ஆலையைக் காண வருவோர் அதன்முன் நின்று, மீன்கள் ஒவ்வொன்றாய் அணையைக் கடந்து மேலே செல்வதைப் பார்க்கின்றனர்.